காலுக்குச் சூடு

ஏனுங்க சார், ஸ்டாண்டுல குடை புடிச்சுக்கிட்டு ஒருத்தன் உங்க காதோரம் வந்து குசுகுசுன்னு என்னமோ சொன்னானே, என்ன சொன்னான்? சொல்ல வேண்டாமுங்க, விடுங்க. எனக்கே தெரியும். "குப்புராஜ் வண்டியில ஏறாதீங்க"ன்னு சொல்லியிருப்பான். ஏன்னு திருப்பிக் கேட்டிருந்தா முழிச்சிருப்பான். அவனுக ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் அந்த தேவசகாயம் ஊதிவிட்டது.

நல்லவேளை நீங்க காதுல போட்டுக்கல. போட்டுக்கிட்டாலும் வேற வண்டிக்கு எங்க போவீங்க? இந்த மழைக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து ஒருத்தனும் கோத்தகிரிக்கு வண்டி எடுக்க மாட்டான். பஸ்ஸுல கால் வைக்க எடமில்ல. மச்சினிச்சி கல்யாணம்ங்கறீங்க, காலைல முகூர்த்தம்ங்கறீங்க, கையில புள்ள வேற. மதுரையில இருந்து இத்தனை தூரம் வந்துபோட்டு மலைக்குக் கீழயே நின்னா நல்லாவா இருக்கும்? அதான் நானே வந்து பெட்டியை வாங்கி டிக்கியில போட்டேன்.

அம்மிணி, பாப்பாவை நல்லா மடியில சாச்சுக்கங்க. கண்ணாடியெல்லாம் ஏத்தியாச்சு, சாரல் அடிக்காது. மணி நாலுகூட ஆகல, பாருங்க, எப்படி இருட்டிக்கிட்டு வருது. ஐப்பசி வந்தா இந்த ரோடு இப்படித்தானுங்க.

காலு வெதுவெதுன்னு இருக்குதுங்களா சார்? செருப்பைக் கழட்டிப்போட்டு அந்த ஓட்டைக்கு நேரா வெச்சுப் பாருங்க. ஆங், அதேதான். சுகமா இருக்குதுல்ல? பின்னாடி அம்மிணிக்கும் வரும், சீட்டுக்கு அடியில ஒரு குழாய் இழுத்து விட்டிருக்கறேன். அம்பாசிடருக்கு ஏது ஹீட்டர்னு கேக்கறீங்களா? கம்பெனி போட்டது இல்லீங்க. நானே செஞ்சது. இன்ஜின்ல இருந்து புகை வெளிய போற மேனிஃபோல்டு இருக்குதுல்ல, இரும்புக் குழாய், நெருப்பாட்டம் காயும். அதுக்கு மேல தகரத்துல ஒரு மூடி மாதிரி பண்ணி, அதுல ஒரு குழாயை மாட்டி, இன்ஜினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல இருக்கற தகட்டுல ஓட்டை போட்டு உள்ள கொண்டாந்துட்டேன். ஃபேன் காத்து அந்தச் சூட்டை வாங்கி உள்ள தள்ளும். பெட்ரோலும் அதிகமாகாது, கரண்டும் வேண்டாம். இந்த மலையில ஓடற டாக்ஸியில எவன் வண்டியிலயாவது இது இருக்குதான்னு கேட்டுப் பாருங்க.

இங்கதான் அவனுக்கு வயித்தெரிச்சல்.

தேவசகாயம்னா மெக்கானிக்குங்க. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல பட்டறை. நல்ல வேலைக்காரன், இல்லேன்னு சொல்லமாட்டேன். ஒரு காலத்துல என் வண்டியை அவன் கையைத் தவிர வேறொருத்தன் தொட்டதில்ல. எம்பொண்ணு கண்ணாலத்துக்கு முன்வரிசையில ஒக்காந்து சாப்பிட்டவன். அவன் இப்படிப் பண்ணுவான்னு நான் கனவுலகூட நெனைக்கலீங்க.

போன வருசம் ரெண்டாவது சீசன். ஆயுதபூசை லீவுக்கு ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் கூட்டம் அள்ளும் பாருங்க, அந்த சமயம். காலைல ஸ்டார்ட் பண்ணா இன்ஜின்ல ஒரு சத்தம். டிக்கு டிக்கு டிக்குன்னு. தையல் மிசின் ஓடறாப்புல. கொஞ்ச தூரம் போனா தானா நின்னுரும். சூடானா இரும்பு விரிஞ்சு அடைச்சுக்கும்ல. நான் கண்டுக்கல. அவன்தான் ஒருநாள் ரோட்டுல போன என்னைக் கை காட்டி நிறுத்தி, "குப்பு, பானட்டைத் தூக்கு"ன்னான்.

தூக்குனேன். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கிட்டு வந்து மேனிஃபோல்டைச் சுத்திச் சுத்திக் காட்டறான். எனக்குச் சிரிப்பு. "என்னடா, இன்னைக்கே ஆயுதபூசையா?"ன்னேன். அவன் சிரிக்கல. ஒரு எடத்துல ஊதுபத்திப் புகை படக்குன்னு ஒதுங்குச்சு. "இங்க பாரு, விரிசல்"னான். முடி மாதிரி ஒரு கோடுங்க. அதுக்கு அவன் மூஞ்சி போன போக்கைப் பாத்திருக்கணும். அப்பறம் குனிஞ்சு என் ஹீட்டரைப் பாத்தான். தகர மூடியைத் தொட்டுப் பாத்தான், குழாயைத் தொட்டுப் பாத்தான், உள்ள வந்து ஓட்டையைப் பாத்தான். பாராட்டப்போறான்னு நான் நிக்கறேன்.

"ஏண்டா பைத்தியக்காரா, இதை எப்ப வெச்ச?"ன்னான்.

ஸ்டாண்டு பசங்க நாலு பேரு முன்னாடி.

அட, திரும்பற எடத்துல இப்படி ஏறி வர்ற இந்த லாரிக்காரனுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்? பயப்படாதீங்க அம்மிணி, இந்த ரோட்டுல எனக்குத் தெரியாத வளைவு கெடையாது. தலை சுத்துதுங்களா? சுத்தும். கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சாச்சுல்ல. கீழ்நாட்டுக்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான். டேஷ்போர்டுல எலுமிச்சம்பழம் இருக்குது பாருங்க சார், எடுத்து அம்மிணிகிட்டக் குடுங்க. மூக்குகிட்ட வெச்சுக்கிட்டா வாந்தி வராது. அதுக்கும் கேக்கலேன்னா நீலகிரித் தைலம் வெச்சிருக்கறேன். நானே தெனமும் நெத்தியில தடவிக்கறேன். மலைக் குளிருக்குத் தலைவலி புடிச்சுக்குது, வயசாகுதுல்ல.

எங்க விட்டேன்? ஆங், பட்டறை.

மேனிஃபோல்டைக் கழட்டணும்னான். சரி கழட்டுன்னேன். விரிசல் விட்டதை வெல்டிங் வெச்சாலும் நிக்காது, கோயமுத்தூர் உக்கடத்துல பழைய சாமான் கடையில வேற பாத்து வாங்கி மாட்டணும்னான். சரின்னேன். கழட்டறப்ப ஒரு ஸ்டட்டு, வெரல் தண்டி போல்ட்டுங்க, இன்ஜின் தலைக்குள்ளயே முறிஞ்சுபோச்சு. எத்தனை வருசத்துத் துரு! அதை ஓட்டை போட்டு எடுக்கணும், வண்டியை இங்கயே விட்டுட்டுப் போங்கறான். எப்ப? சீசன் நடுவுல! ஊட்டி ரோடு பூராவும் வண்டி, ஸ்டாண்டுல ஆளுக்கு ஆளு சவாரி, நான் மட்டும் கை கட்டி ஒக்காந்திருக்கணுமாம்.

"அப்படியே மாட்டிக் குடு, சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்"னேன்.

"மாட்டித் தரமாட்டேன். அந்த ஓட்டையை அடைக்காம வண்டியை வெளிய எடுக்காத. குப்பு, இது சாதாரணமில்லடா. மேனிஃபோல்டுல லீக்கு, அதுக்கு மேலயே நீ குழாய் வெச்சிருக்கற. இன்ஜின் புகை பூராவும் உள்ள வருது. கண்ணுக்குத் தெரியாது, நாத்தம் வராது, ஆளைத் தூக்கத்துலயே கொண்டு போயிரும்"னான்.

நீங்களே சொல்லுங்க சார், நீங்க படிச்சவரு. கண்ணுக்குத் தெரியாதாம், நாத்தம் வராதாம், அதுக்குப் பேரு புகையாம்! புகைன்னா கண்ணு எரியணும், இருமல் வரணும். எங்கூட்டு அடுப்புல விறகு எரிச்ச காலத்துல எங்கம்மா எத்தனை வருசம் புகைக்குள்ள ஒக்காந்திருந்தா, அவ செத்தா போயிட்டா? இதைத்தான் அவன்கிட்டயும் கேட்டேன். கையைத் தொடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டான். பதில் இருந்தாச் சொல்லியிருப்பான்ல?

எனக்கும் ரோசம் வந்துருச்சுங்க. அவன் பட்டறையிலயே, அவன் ஸ்பேனரையே எடுத்து, நானே மாட்டுனேன். முறிஞ்ச எடத்துல ஸ்டட்டு இல்லாட்டி என்ன, மத்ததை நல்லா முறுக்குனேன். ஊட்டுக்கு வந்து விரிசல் மேல சைலன்சர் பேஸ்ட்டை அப்பி, அதுக்கு மேல ஆஸ்பெட்டாஸ் கயித்தைச் சுத்தி, அதுக்கும் மேல பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டி வளைச்சு, கிளிப்பு போட்டு இறுக்குனேன். மறுநா காலைல ஸ்டார்ட் பண்றேன், சத்தமே இல்ல. பூனை தூங்கறாப்புல ஓடுது. சத்தம் போச்சுன்னா லீக்கு போச்சு, இதுல என்னங்க இருக்குது? வருசமாச்சு சார். அன்னைக்குக் கட்டுனது, இன்னைக்கு வரைக்கும் அதைத் தொட்டுக்கூடப் பாக்கல. பாக்க வேண்டிய அவசியமே வரல. அப்படி ஒரு வேலை.

இல்லீங்க, அது வைப்பர் சத்தம். டிக்கு டிக்குன்னு அடிக்கும், ரப்பர் போயிருச்சு. மழை முடிஞ்சதும் மாத்தணும்.

பாப்பா தூங்கிடுச்சா அம்மிணி? பாத்தீங்களா! இப்பத்தான் பொம்மை வேணும்னு அழுதுக்கிட்டிருந்துச்சு. என் வண்டியில ஏறுனா தூங்காத ஆளே இல்லீங்க. நான் பெருமைக்குச் சொல்லல. எத்தனை பேரு எறங்கறப்ப, "அண்ணா, ஏறுனதுதான் தெரியும், எப்படி வந்து சேந்தோம்னே தெரியல"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கறாங்க. காலுல சூடு, மேல குளிரு, வெளிய மழை. எந்த மனுசனுக்குத்தான் கண்ணு சொக்காது?

அந்த சீசன்லதான் ஒரு அதிசயம் நடந்துச்சு. அன்னூர்ப் பக்கத்துக்காரங்க ஒரு குடும்பம். இங்க மேல கருப்பராயன் கோயிலுக்கு நேந்துவிட்ட சேவலைக் கொண்டுக்கிட்டு வந்தாங்க. நல்ல சேவலுங்க, கொண்டை ரத்தச் செவப்பு, ஏறுனதுல இருந்து ஒரே கூச்சல். காலைக் கட்டி, இப்ப உங்க கால் இருக்கற எடத்துலதான் போட்டாங்க. ஓட்டைக்கு நேரா. வளைவு பாதி தாண்டறதுக்குள்ள சத்தமே காணோம். தூங்கிடுச்சுன்னு நெனைச்சோம். கோயில்ல போயி எடுத்தா கழுத்து தொங்குது. பெரியவரு என்னை மொறைக்கறாரு. நான் என்னங்க பண்ணட்டும்? அப்பறம் பூசாரிதான் சமாதானம் சொன்னாரு, கருப்பராயன் வழியிலயே எடுத்துக்கிட்டான், உங்க வேண்டுதல் நிறைவேறிடுச்சுன்னு. அந்தக் குடும்பத்துக்கு அத்தனை சந்தோசம். பூசாரிக்கு வெச்ச தட்சணையில எனக்கும் ஒரு பங்கு கெடைச்சுது, அதை விடுங்க.

தேவசகாயம் காதுக்கு இது போகுது. அவன் என்ன பண்ணணும், சாமி காரியம்னு கும்பிட்டுட்டுப் போகணுமா இல்லையா? ராவோட ராவா எங்கூட்டுக்கே வந்துட்டான். எங்கூட்டுக்காரிகிட்ட, "அக்கா, வண்டிச் சாவியை ஒளிச்சு வை"ன்னு சொல்றான். ஒரு மனுசனோட பொழப்பு சார் அது. சாவியை ஒளிச்சு வைங்கறான். அவளும் அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு அன்னைல இருந்து இந்த வண்டியில ஏறறதில்ல. எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சுங்கறா, எரிஞ்சு விழறேங்கறா. நடு ஊட்டுல நின்னுக்கிட்டு எதுக்கு வந்தேன்னு யோசிக்கறேனாம். இந்த வயசுல யாருக்குத்தான் மறதி வராது?

என்னங்க சார், பேச்சையே காணோம்? தலை வலிக்குதுங்களா? இருங்க, தைலம் இந்தாங்க. நல்லா இழுத்து மோந்து பாருங்க. இந்த மலையில வெளையற மரத்துல காய்ச்சுனது, கலப்படமே கெடையாது.

ராசரத்தினம் சார்னு ஒருத்தரு இருந்தாருங்க. கோத்தகிரியில தேயிலை ஃபேக்டரியில மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு. தங்கமான மனுசன். கோயமுத்தூருல கண்ணாஸ்பத்திரிக்கு அடிக்கடி போகணும், போகறப்பெல்லாம் என் வண்டிதான். "குப்புராஜ், உன் வண்டியில வந்தாத்தான் எனக்கு நாலு நாளைக்குச் சேத்துத் தூக்கம் வருது"ம்பாரு. ஊட்டுல தூக்கமே வராதாம் அவருக்கு. முன்சீட்டுல, நீங்க ஒக்காந்திருக்கற எடந்தான், ஷூவைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, காலு ரெண்டையும் ஓட்டைகிட்ட வெச்சுக்குவாரு. குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டறதுக்குள்ள குறட்டை.

அன்னைக்கும் இதே மாதிரி மழைங்க. ஊட்டு வாசல்ல கொண்டுபோயி நிறுத்துனேன். நல்ல தூக்கம். மனுசனுக்குத் தூக்கமே வராது, வந்த தூக்கத்தை நாம எதுக்குக் கலைக்கணும்? எழுப்ப எனக்கு மனசு வரல. மழை விடட்டும், அதுவரைக்கும் குளிராம இருக்கட்டும்னு இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டுட்டு, நான் எறங்கி உள்ள போனேன். அவரு பொண்ணு சாந்தகுமாரி டீச்சர் டீ போட்டுக் குடுத்துச்சு. "அப்பா எங்கண்ணா?"ன்னுச்சு. "தூங்கறாருங்க அம்மிணி, இப்பத்தான் நல்லா அசந்திருக்கறாரு"ன்னேன். அதுவும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, சரி தூங்கட்டும்னுச்சு. டீ குடிச்சோம். மழையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

போயி எழுப்புனா எந்திரிக்கல.

சார், நான் எத்தனையோ சாவு பாத்திருக்கறேன். அந்த மாதிரி ஒரு மொகத்தைப் பாத்ததில்ல. செக்கச்செவேல்னு இருக்குது. ஒதடு வெத்தலை போட்டாப்புல செவந்து கெடக்குது. வெத்தலையே போடாத மனுசனுங்க அவரு! மாப்பிள்ளை மாதிரி இருந்தாரு. வலி இல்ல, இழுபறி இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. பக்கத்து டாக்டர் வந்து பாத்துட்டு, வயசாயிருச்சு, ஹார்ட்டுன்னுட்டாரு. அந்த டீச்சர் அழுத அழுகையில எனக்கும் அழுகை வந்துருச்சு. ஆனா உள்ளுக்குள்ள நெனைச்சேன், போனா இப்படிப் போகணும்னு. அத்தனை பேருகிட்டயும் சொன்னேன், புண்ணியவான், என் வண்டியில, கால் சூட்டுல, தூக்கத்துல போயிட்டாருன்னு.

சொன்னதுதான் தப்பாப் போச்சு.

அந்த ஒதடு செவந்த சங்கதியை தேவசகாயம்கிட்ட எவனோ சொல்லியிருக்கறான். நேரா ஸ்டாண்டுக்கு வந்தான். அத்தனை பேரு மத்தியில என் சட்டையைப் புடிச்சான் சார். கண்ணெல்லாம் தண்ணி அவனுக்கு. "அந்தப் புகையில செத்தாத்தாண்டா ஒதடு அப்படிச் செவக்கும், கொன்னுட்டியேடா"ங்கறான். யாரை? நான் யாரைக் கொன்னேன்? எமன் வந்து கூட்டிக்கிட்டுப் போனதுக்கு டிரைவரா பொறுப்பு? டாக்டர் ஹார்ட்டுங்கறாரு, பட்டறைக்காரன் மேனிஃபோல்டுங்கறான். எவன் பேச்சைக் கேப்பீங்க? ஸ்டாண்டுக்காரனுக பட்டறைக்காரன் பேச்சைக் கேட்டானுக. அன்னைல இருந்து எனக்கு டர்ன் கெடையாது. வரிசையில வண்டி போடக் கூடாது. இன்னைக்கு மாதிரி மழை நாள்ல, பஸ் ஸ்டாண்டு ஓரமா நின்னு, உங்களை மாதிரி வர்றவங்களைக் கூப்புட்டு ஏத்திக்கறேன். நான்! இந்த ஸ்டாண்டை ஆரம்பிச்ச நாலு பேருல ஒருத்தன்.

நெஞ்சு எரியுதுங்க சார். வேத்தாள் பண்ணியிருந்தா மறந்திருப்பேன். கூடச் சேந்து சாப்பிட்டவன் பண்ணிட்டான்.

என்னது, முன்னாடி லைட்டா எரியுது? அட சாமி. வரிசையா நிக்கறானுக. இருங்க, கேக்கறேன். ஏப்பா, தம்பீ! என்னாச்சு? ... மரமா? ... சரி சரி.

மரம் விழுந்துருச்சாங்க. அடுத்த வளைவுலயாம். தீயணைப்பு வண்டி கீழ இருந்து வரணும், அறுத்துத் தள்ளணும். அந்தப் பக்கமும் நிக்குது, இந்தப் பக்கமும் நிக்குது. பின்னாடியும் வந்து அடைச்சுட்டான் பாருங்க, திரும்பவும் முடியாது. கண்ணாடியைச் சித்த நேரம் எறக்குனதுக்கே எத்தனை குளிரு! ஏத்திடறேன்.

இன்ஜினை அணைக்கச் சொல்றீங்களா? வேண்டாமுங்க. பேட்டரி வீக்கு. அணைச்சா அப்பறம் தள்ளித்தான் எடுக்கணும், இந்த மழையில ஏத்தத்துல யாரு தள்ளறது? ஓடட்டும். ஓடுனாத்தான் சூடும் வரும். நிக்கறப்பத்தான் இன்னும் நல்லா வரும், பாருங்க இப்ப.

உங்க பக்கக் கண்ணாடிங்களா? அதுக்குக் கைப்புடி கழண்டுபோச்சுங்க. டேஷ்போர்டுக்குள்ள எங்கயோ கெடக்குது. இப்ப எதுக்கு அது? காத்து வேணும்ங்கறீங்களா? சாரல் உள்ள அடிக்கும் சார், தூங்கற புள்ள மேல படும். அதுவுமில்லாம இது யானை நடமாடற எடம். பலாப்பழக் காலத்துல தெனமும் நிக்கும். இப்ப இல்ல, இருந்தாலும் எதுக்கு வம்பு?

எறங்கறீங்களா? எறங்கி எங்க போவீங்க? குடைகூட இல்ல. கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய பட்டு வேட்டி பெட்டியில இருக்குது, நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா மச்சினிச்சிக்கு யாரு நிப்பா? ஒக்காருங்க. கால் மரத்துப் போச்சுங்களா? அது ஒரே மாதிரி வெச்சிருக்கறதால. சித்த மாத்தி வைங்க.

வைப்பரை நிறுத்திட்டேன். பேட்டரி மிச்சமாகும்.

இல்லீங்க, இது பானட்டு மேல மழை சொட்டறது. டிக்கு, டிக்குன்னு. மரத்துல இருந்து விழுதுல்ல, அதான் ஒரே சீரா விழுது.

அம்மிணியும் தூங்கிட்டாங்க போல. தலை சாஞ்சிருச்சு பாருங்க. பாப்பாவைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டே தூங்கறாங்க, தாய்ங்கறது அதுதான். எலுமிச்சம்பழம் கீழ உருண்டுருச்சு. பரவால்ல. எடுக்க வேண்டாம், விடுங்க, நீங்க குனியாதீங்க, தள்ளாடறீங்க. எனக்கே இப்ப நெத்திப் பொட்டு விண்விண்ணுங்குது. மதியம் சாப்பிடல, அதான்.

ஏனுங்க சார், ஸ்டாண்டுல குடையோட ஒருத்தன் உங்ககிட்ட என்னமோ சொன்னானே... சொன்னேனா? ஆமா, சொன்னேன்ல. தேவசகாயம். அவன்தான். எம்பொண்ணு கண்ணாலத்துல முன்வரிசையில ஒக்காந்து... அதையும் சொன்னேனா?

அவன் கெட்டவன் இல்லீங்க சார். அதுதான் எனக்கு வெளங்க மாட்டேங்குது. சட்டையைப் புடிச்சப்பகூட அவன் கண்ணுல தண்ணிதான் இருந்துச்சு. கோவத்துல அழுவாங்களா என்ன? ஒருநாள் போயி கேக்கணும். இந்த மழை ஓயட்டும். போயி, "டேய், நீயே பாரு, உன் கையாலயே பாரு"ன்னு வண்டியை நிறுத்தணும். நான் கட்டுன கட்டைப் பாத்தா அவனே அசந்துபோவான்.

பாப்பா கன்னம் பாருங்க, ஆப்பிளாட்டம் எப்படிச் செவந்திருக்குது! மலைக் காத்து பட்டா அப்படித்தான். மதுரையில இருக்கற வரைக்கும் வராத நெறம், நம்ம மலை ஏறுனதும் வந்துருச்சு. அம்மிணி ஒதடும்... நாளைக்குக் கல்யாண ஊட்டுல எல்லாரும் கண்ணு வெப்பாங்க, சுத்திப் போடுங்க.

யாரோ கண்ணாடியைத் தட்டறான். டீ விக்கறவனா இருக்கும், ரோடு பிளாக்னா எங்க இருந்துதான் வருவானுகளோ. இல்ல, முன்வண்டிக்காரன். கையை ஆட்டறான். எறக்கு எறக்குங்கறான். என்னமோ கத்தறான், மழையில ஒண்ணும் கேக்கல. புள்ள தூங்குதுப்பா! தட்டாத! போ, போ. ம், போயிட்டான். மனுசனுக்கு ஒரு இங்கிதம் வேண்டாமா? தூங்கற கொழந்தையை எழுப்பிவிட்டா அப்பறம் இவனா தாலாட்டுவான்?

சார்?

நல்லதுங்க. தூங்குங்க. நீங்களும் மதுரையில இருந்து விடியக்காலமே எந்திரிச்சுக் கெளம்பி வந்திருப்பீங்க. நானும் சித்த கண்ணை மூடறேன், இமை கனமா இருக்குது. இன்ஜின் ஓடுது, சூடு வருது, ஒண்ணும் பயமில்ல. கவலைப்படாதீங்க. ரோடு தொறந்ததும் நானே எழுப்பறேன்.